டிம் போட்டால் இருட்டு

உடுமலைப்பேட்டையிலிருந்து:

என்னிடம் இருப்பது 2006 மாடல் டாடா 207. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டில் இறக்குவது தொழில். போன ஐப்பசியில் ஓர் இரவு, எதிரே பஸ் வருகிறதே என்று டிம் போட்டேன். இரண்டு விளக்கும் அணைந்துவிட்டன. சாலையோரத்தில் புளியமரம் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் மனக்கணக்குதான். பதறிப்போய், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் விளக்குக் கைப்பிடியை இழுத்ததும் பிரைட் வந்து பஸ்ஸின் கண்ணாடியில் அடித்தது. ஓட்டுநர் என் குலத்தையே வாழ்த்திவிட்டுப் போனார். கைப்பிடியை ஒரு விரலால் பாதியில் தாங்கிப் பிடித்தால் டிம் எரிந்தது. பாலக்காடு வரை அப்படியேதான் போனேன்.

மறுநாள் விளக்கு, இண்டிகேட்டர் கைப்பிடிகள் சேர்ந்த புது காம்பினேஷன் சுவிட்ச் வாங்கி வந்து வாசலிலேயே வேலையைத் தொடங்கினேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினேன். அதுவரை சரி. ஹாரன் மூடியை எடுத்தால் நடுவில் பெரிய நட்டு. அதை முழுதாகக் கழற்றாதீர்கள். நாலைந்து மரை மிச்சம் வைத்துவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அசைத்து இழுங்கள். நான் நட்டை எடுத்துவிட்டு, முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். ஸ்டியரிங் ஒரே தாவலில் வந்து மேலுதட்டைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைத்த பிறகுதான், தண்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சேர்த்துச் சாக்பீஸ் கோடு போட மறந்தது நினைவுக்கு வந்தது. தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நேரான சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். எனக்கு நின்றது. மறுபடியும் கழற்றினேன்.

மற்றபடி தண்டைச் சுற்றியிருக்கும் உறையின் திருகுகள், ஒயர்களைச் சுவிட்சோடு இணைக்கும் கப்ளர், சுவிட்சின் திருகுகள், அவ்வளவுதான். ஆனால் பழைய கப்ளரைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஒரு முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் வெல்லப்பாகு போல உருகி இறங்கியிருந்தது. தெருக்கோடியில் இருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் சுவிட்சைத் தொடக்கூட இல்லை. “பல்பு என்ன போட்டிருக்கிறாய், தம்பி?” என்றார்.

“100/90, ஐயா.”

பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90 வாட் என்று அர்த்தம். வண்டியோடு வந்தது 60/55. டிம்மில் 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுமார் 9 ஆம்பியர் ஓடும். 90 வாட் இரண்டு என்றால் 15. அவ்வளவும் என் வண்டியில் அந்தச் சின்னத் தொடுமுனை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு நானே சுவிட்சைச் சுட்டிருக்கிறேன். “புது சுவிட்சை அப்படியே மாட்டினால் அதுவும் உருகும்” என்றவர், பழைய வாட் பல்பையே போடச் சொல்லி, கப்ளரையும் மாற்றி, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வைத்தார். சுவிட்ச் தரும் சின்ன மின்னோட்டத்தை வைத்து விளக்கின் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பெட்டிதான் ரிலே. அதன் கால்களில் இருக்கும் எண்படி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30, விளக்குக்கு 87, சுவிட்சிலிருந்து 86, பாடி எர்த்துக்கு 85. இப்போது சுவிட்ச் வழியாகப் போவது கால் ஆம்பியர்கூட இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 60/55 பல்பே முன்னைவிட நன்றாக எரிகிறது. நீளமான பழைய ஒயரில் வீணான வோல்ட் இப்போது நேராக விளக்குக்கு வருகிறது.

ராசிபுரத்திலிருந்து:

அண்ணா, உதடு கிழிந்த கதையைப் படித்து என் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டேன். ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஸ்டியரிங்கை மாட்டும்போது முன்சக்கரங்கள் நேராகவும், இண்டிகேட்டர் கைப்பிடி நடுவிலும் இருக்க வேண்டும். நான் கைப்பிடி வலப்பக்கம் விழுந்து கிடப்பதைக் கவனிக்காமல் அழுத்தி மாட்டினேன். வளைவு முடிந்ததும் கைப்பிடியைத் தானே திருப்பிவிடும் சின்ன நாக்கு ‘டக்’ என்று முறிந்தது. புது சுவிட்ச், பத்து நிமிட ஆயுள். இன்னொன்று வாங்க மனம் வரவில்லை. இன்றுவரை கையாலேயே திருப்பிவிடுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து:

அண்ணைமாரே, உங்கள் வண்டிகளில் எயார்பாக் இல்லை, தப்பினீர்கள். என்னுடைய ஹைலக்ஸில் இருக்கிறது. பற்றரியைக் கழற்றிச் சிறிது நேரம் பொறுத்துத்தான் கை வைத்தேன். ஆனால் ஸ்டியரிங்கின் கீழே சுருளாக இருக்கும் வயர்ப் பெட்டியைச் சும்மா விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டேன். அதன் நடு நிலை தப்பிவிட்டது. மாட்டிய பிறகு முழுவதும் வெட்டித் திருப்பியபோது உள்ளே வயர் அறுந்தது. எயார்பாக் விளக்கு எரிந்தபடி நின்றது, ஹோர்னும் போயிற்று. புதுப் பெட்டி கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை. அதுவரை சந்தியில் ஆடு மாடு நின்றால் தலையை வெளியே நீட்டிக் கத்தியபடிதான் ஓடினேன்.