பூனைக் கீறலுக்குப் பின் மங்கிய பார்வை: எங்கள் வீட்டு அனுபவம்

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்து தணிந்த சில வாரங்களில் வலக்கண் பார்வை மங்கியது. வலியும் சிவப்பும் இல்லை. படிக்கும்போது வரியின் நடுவிலுள்ள எழுத்துகள் மட்டும் புகை மூடியதுபோல் மறைந்தன.

சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்த மருத்துவர், பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பதாகச் சொன்னார். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. அடுத்த முறை பார்த்தபோதுதான் விழித்திரையின் மையத்தைச் சுற்றி மஞ்சள் படிவுகள் நட்சத்திர வடிவில் தோன்றியிருந்தன. வீங்கிய நரம்பு முனையிலிருந்து கசியும் நீர் உறிஞ்சப்பட்ட பின் கொழுப்பு மட்டும் தங்கிவிடுவதால் ஏற்படும் இந்த நட்சத்திரம், வீக்கத்துக்கு ஓரிரு வாரங்கள் கழித்தே பெரும்பாலும் தென்படுமாம். "வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறதா அம்மா?" என்று அவர் கேட்டது அப்போதுதான். இருந்தது; உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சியோடு வந்த தெருக்குட்டி. பார்டோனெல்லா ஹென்செலே என்ற கிருமி தெள்ளின் கழிவிலிருந்து பூனையின் நகத்துக்கும், அங்கிருந்து கீறலுக்கும் வருகிறது.

நட்சத்திரத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்பதால் இரத்த அழுத்தம், சிபிலிஸ் என்ற பால்வினை நோய், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று, காசநோய் ஆகிய அனைத்தையும் பார்த்தார்கள். பார்டோனெல்லாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதத்தைப் பரிசோதித்தபோது, ஐஜிஜி என்ற வகையின் அளவு 1:256-க்கு மேல் இருந்தது பூனைக் கீறல் நோயை உறுதிப்படுத்தியது. டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்துடன் ரிஃபாம்பிசினும் பல வாரங்கள் கொடுத்தார்கள். ரிஃபாம்பிசின் காசநோய்க்கும் உரிய மருந்து. தீவிரக் காசநோய் கண்டறியப்படாமல் இருக்கும்போது உரிய கூட்டு மருந்துகள் இன்றிக் கொடுத்தால் காசநோய்க் கிருமி அதற்குப் பழகிவிடக்கூடும் என்பதால், நம் ஊரில் நோயாளிக்குக் காசநோய் இல்லை என்று முதலில் உறுதி செய்வது எவ்வளவு அவசியம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பார்வை மெல்ல மீண்டது.

என் அண்ணன் மகனுக்கோ நெறியே கட்டவில்லை. விடாத காய்ச்சலும் வயிற்று வலியும்தான். ஸ்கேனில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறு கரும்புள்ளிகள் தெரிந்ததால் புற்றுநோயோ என்று குடும்பமே கலங்கியது. எங்கள் அனுபவத்தை அண்ணி மருத்துவரிடம் சொன்ன பின் செய்த இரத்தப் பரிசோதனையும், கல்லீரல் திசுவில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் இதே கிருமியைக் காட்டின. இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான சோதனையில் இது எளிதில் வளராது. இதய வால்வைத் தாக்கியிருந்தாலும் அந்தச் சோதனை தவறவிடக்கூடும். ஆகவே இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடிக்கும் எக்கோ எடுத்து, வால்வில் பாதிப்பில்லை என்று தெரிந்த பிறகே மருந்தை எவ்வளவு காலம் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள்.