மாணவர் குழு கட்டும் வால்வு சோதனை எந்திரம்: எங்கே சறுக்குகிறது?

தொழிற்சாலை ஒன்றுக்கு மாணவர்கள் வால்வு அழுத்தச் சோதனை எந்திரம் கட்டித் தரும்போது, கோளாறு பெரும்பாலும் இரண்டு பாகம் சேரும் இடத்தில்தான் வருகிறது. மெக்கானிக்கல் ஆட்கள் குழாய் வரைக்கும் பார்ப்பார்கள். எலக்ட்ரிக்கல் ஆட்களுக்கு வேலை பேனலில் தொடங்குகிறது. புரோகிராம் எழுதுபவருக்குத் திரையில் எண் வந்தால் சரி. நடுவில் இருக்கும் சென்சார் யார் பொறுப்பு என்று கேட்டால் மூவருமே விழிப்பார்கள்.

முதல் வாரமே ஓர் இணைப்புத் தாள் போட்டுவிடுங்கள். ஒரு சிக்னலுக்கு ஒரு வரி, அந்த வரிக்கு ஒரே ஒரு ஆள். 16 பார் வேலை அழுத்தம் கொண்ட வால்வை எடுத்துக்கொள்வோம் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). வால்வு சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 5208 படி உடல் சோதனைக்கு (வெளிக்கூடு தாங்குகிறதா என்று பார்ப்பது) 1.5 மடங்கு, அதாவது 24 பார். சீட் சோதனைக்கு (மூடிய வால்வு உள்ளே கசிகிறதா என்று பார்ப்பது) 1.1 மடங்கு, 17.6 பார். சென்சார் 0–40 பார், வெளியீடு 4–20 மில்லிஆம்பியர்: பூஜ்ய பாருக்கு 4, 40 பாருக்கு 20. அப்படியானால் 24 பாரில் 13.6 மில்லிஆம்பியர் வரும்; 250 ஓம் ரெசிஸ்டரில் அது 3.4 வோல்ட். இந்தக் கணக்கை மூன்று பிரிவும் தனித்தனியே போடட்டும். விடை ஒன்றாக வந்த பிறகு கையெழுத்து.

3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்கினால் ‘சென்சார் கோளாறு’ என்று காட்ட வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். விட்டுவிட்டால், வயர் அறுந்ததும் திரையில் மைனஸ் 10 பார் வரும். அசிங்கமாக இருக்கிறதே என்று யாராவது அதைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள். உள்ளே 24 பார் நிற்கும்போது ஆபரேட்டர் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு நட்டில் ஸ்பேனரை வைப்பார். எனக்கு இதைவிடப் பயமான பிழை வேறில்லை.

மரையும் அந்தத் தாளில் வரவேண்டும். அரை அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று அழகாக ஏறும். ஆனால் மரைக் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. டேப் எவ்வளவு சுற்றினாலும் அழுத்தம் ஏறியதும் கசியும். குழு அதை வால்வின் கசிவு என்று பதிவு செய்துவிடும்.

———

இணைப்புத் தாளோடு நான் ஒன்று சேர்க்கிறேன்: கரண்ட் போனால் ஒவ்வொரு பாகமும் எந்த நிலைக்குப் போகும் என்று ஒரு பத்தி.

அழுத்தத்தை வெளியேற்றும் சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்குவது), மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும் வகையாக இருக்க வேண்டும். மாணவர்கள் சுலபமாகக் கிடைக்கிறது என்று மூடியிருக்கும் வகையை வாங்கிவிடுவார்கள். எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் பம்பு நிற்கும், அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பட்டன் நார்மலி குளோஸ்டு கான்டாக்ட்டாக (அழுத்தாதபோது மின்சுற்று மூடியிருக்கும் வகை), சேஃப்டி ரிலே வழியாக, பம்புக்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை நேரடியாக வெட்ட வேண்டும். எந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சிக்குச் செய்தி மட்டும் போகட்டும். வெட்டும் வேலையை அதன் புரோகிராமிடம் விடாதீர்கள். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வுக்கும் பம்புக்கும் நடுவில் ஸ்டாப் வால்வு எதுவும் கூடாது.

தண்ணீர் இணைப்பு தயாராகவில்லை, கம்ப்ரஸர் காற்றில் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று ஒரு நாள் நிச்சயம் கேட்பார்கள். அனுமதிக்கவே கூடாது. அழுத்தினாலும் தண்ணீர் கிட்டத்தட்டச் சுருங்காது. விரிசல் விட்டதும் அழுத்தம் விழுந்துவிடும். காற்று அத்தனை ஆற்றலையும் சேர்த்து வைத்திருந்து, பாகத்தைச் சில்லாக எறியும்.

———

கால அட்டவணை பற்றி. 15 வாரம் இருந்தால் 5ஆம் வாரத்துக்குள் சென்சார், பம்பு, சேஃப்டி ரிலே ஆர்டர் போயிருக்க வேண்டும். கடைசி மூன்று வாரம் சோதனைக்கு மட்டும். அது அதிகம் என்று தோன்றினால் இந்தக் கணக்கைப் பாருங்கள். கசிவு அளவை நம்பலாமா என்று அறிய 10 வால்வு, 3 ஆபரேட்டர், ஆளுக்கு 3 முறை, ஆக 90 சோதனை. மாட்டிக் கழற்ற ஒன்றுக்கு 10 நிமிடம் என்றாலும் 15 மணி நேரம் ஆகிறது. மொத்த ஏற்ற இறக்கத்தில் அளவீட்டின் பங்கு 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது; 30 தாண்டினால் எந்திரத்தை ஒப்படைக்க முடியாது. பத்தும் நல்ல வால்வாக இருந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. சீட்டில் கீறல் போட்ட நான்கைந்தைக் கலந்து வையுங்கள்.

———

அந்த 90ஐத் தொடங்குமுன் தண்ணீரின் வெப்பநிலையைக் கவனியுங்கள். அடைபட்ட தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தாலே அழுத்தம் சில பார் இறங்கலாம். வரைபடத்தில் அது கசிவு மாதிரியே தெரியும். தொட்டியை முந்தின நாளே நிரப்பி, எந்திரம் இருக்கும் அறையிலேயே வைத்துவிடுங்கள். பம்பு பல தடவை அடித்தும் அழுத்தம் சோம்பலாக ஏறினால் உள்ளே காற்று நிற்கிறது. வெளியேற்றும் துளை மேல்பக்கம் வரும்படி வால்வைத் திருப்பிப் பிடித்து, குமிழி நிற்கும்வரை விட்டுவிட்டு மூடுங்கள்.