மறு: என்கிரிப்ட், சைன், கீ – மடல் செயலிக்கான சொற்கள்

வணக்கம்.

தண்டர்பேர்ட் மடல் செயலியைத் தமிழாக்கும்போது, மடலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் 'என்கிரிப்ட்', அனுப்பியவர் இன்னார் என்று காட்டும் 'சைன்', இரண்டுக்கும் வேண்டிய 'கீ' ஆகியவற்றை எப்படிச் சொல்வது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது என் பங்குக்கு.

தண்டர்பேர்ட் 78ஆம் பதிப்பில், 2020இல், இந்த வேலைகளைச் செய்யும் ஓப்பன்பிஜிபி வசதியை உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கு முன்பு எனிக்மெயில் என்ற நீட்சியைத் தேடி நிறுவியவர்கள் கண்ணில்தான் இந்தச் சொற்கள் படும். அவர்களுக்கு நம் தமிழாக்கம் தேவைப்படவும் இல்லை. இன்று புது மடல் எழுதத் திறக்கிற யார் கண்ணிலும் படுகிறது. அதனால்தான் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறேன்.

> சிக்னேச்சர் என்றால் கையொப்பம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. அதே செயலியில் கணக்கு அமைப்புகளைத் திறந்து பாருங்கள். மடலுக்கு அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் பெயர், பதவி, தொலைபேசி எண், அதற்கும் ஆங்கிலத்தில் சிக்னேச்சர் என்றுதான் பெயர். நாமும் அங்கே கையொப்பம் என்று வைத்திருக்கிறோம். என் பெரியப்பாவுக்கு இதை நிறுவிக் கொடுத்தபோது, 'கையொப்பமிடு' என்ற பெட்டியில் குறி போட்டுவிட்டு, "போட்டேனே, என் பெயர் கீழே வரவே இல்லையே" என்று கேட்டார். தப்பு அவருடையது இல்லை.

ஆங்கிலத்தில் முன்னால் 'டிஜிட்டல்' என்று ஓர் ஒட்டு போட்டுச் சமாளிக்கிறார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் எண்ணிமமா, இலக்கமுறையா, மின்னணுவா என்று இன்னொரு இழை தொடங்கும். வேண்டாம். அடியில் ஒட்டுவதற்கு 'அடிவரிகள்'. கணிதம் செய்து போடுவதற்கு 'ஒப்பம்', வினையாக 'ஒப்பமிடு'. சுருக்கமான சொல் என்பதால் மட்டும் சொல்லவில்லை. மடலிலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்கத்தை அனுப்புநர் தன் சாவியால் ஒப்பமிடுகிறார். பெறுநரின் செயலி அதே கணக்கை மறுபடி போட்டு இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கிறது. 'ஒப்பு' என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. இதே வேலைகளைச் செய்யும் குனூபிஜி என்ற மென்பொருள் சொல்லும் 'குட் சிக்னேச்சர்', 'பேட் சிக்னேச்சர்' இரண்டும் இப்போதைய வரைவில் 'நல்ல கையொப்பம்', 'மோசமான கையொப்பம்' என்று இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கோடு நோட்டில் எழுதச் சொல்வார்களே, அந்த ஞாபகம்தான் வருகிறது. 'ஒப்பம் பொருந்துகிறது', 'ஒப்பம் பொருந்தவில்லை' போதும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு: ஒப்பம் பொருந்துகிறது, ஆனால் அந்தச் சாவி இன்னாருடையதுதானா என்று நாம் இன்னும் உறுதி செய்யவில்லை. அதை 'ஐயத்திற்குரிய ஒப்பம்' என்று மொழிபெயர்த்தால், அனுப்பியவர் மேல் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும். 'சாவி யாருடையது என்று உறுதியாகவில்லை' என்று நீட்டியே எழுதிவிடலாம். அந்த இடத்தில் இடப் பஞ்சம் இல்லை.

இடமாறிகளையும், அதாவது செயலி தானாகப் பெயரை நிரப்பும் இடங்களையும், கவனியுங்கள். பெயர் வரும் இடத்தில் 'ஆல்' ஒட்டினால் 'குமார்ஆல் ஒப்பமிடப்பட்டது' என்று வந்து நிற்கும். 'ஒப்பமிட்டவர்:' என்று எழுதிப் பெயரைப் பின்னால் விடுங்கள்.

> முத்திரை என்று வைக்கலாமே? மாதவி கோவலனுக்கு அனுப்பிய ஓலைக்கு மண்பொறிதானே காவல்?

படித்ததும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மை. கூந்தலால் ஒற்றிய அந்த மண்பொறியில், அதாவது மண் முத்திரையில், இருந்த நெய்வாசத்தை வைத்தே கோவலன் ஆள் யாரென்று தெரிந்துகொள்கிறான். உள்ளே ஒரு வரிகூட அப்போது படித்திருக்கவில்லை. இதைவிட நல்ல சரிபார்ப்பு வேறென்ன வேண்டும்?

சிக்கல் என்னவென்றால், அந்த மண் இரண்டு வேலை செய்கிறது. ஓலையை மூடவும் செய்கிறது, ஆளைக் காட்டவும் செய்கிறது. நம் செயலியில் இவை தனித்தனிப் பொத்தான்கள். ஒப்பம் மட்டும் இட்ட மடலை வழியில் யார் வேண்டுமானாலும் அஞ்சலட்டைபோலப் படிக்கலாம். பூட்டு மட்டும் போட்ட மடல் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டும் சேர்ந்தால், ஒப்பம் பூட்டுக்கு உள்ளே போய்விடுகிறது. திறந்த பிறகுதான் தெரியும், மாதவி மடலுக்கு நேர்மாறு. 'முத்திரை' என்று வைத்தால் மூடுவதா, ஒப்பமிடுவதா என்று யாருக்கும் பிடிபடாது.

மேலே 'பூட்டு' என்று எழுதிவிட்டேன், கவனித்திருப்பீர்கள். என்கிரிப்ட் என்பதற்குக் 'குறியாக்கு' என்று சிலர் சொல்கிறீர்கள். அதே செயலியின் பட்டியில் எழுத்துக் குறியாக்கம் என்று வேறொன்று இருக்கிறது, யூனிகோடு சமாச்சாரம். இணைப்புக் கோப்பை எழுத்துகளாக மாற்றி அனுப்பும் பேஸ்64உம் குறியாக்கம்தான், அதில் இரகசியம் துளியும் கிடையாது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் படிப்பவர் தவறான இடத்தில் நிம்மதியடைவார். 'மறையாக்கு' தேவலை, ஆனால் 'மறை' என்று ஒரு கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, நெடுவரிசையை ஒளித்துவைக்க. அவசரத்தில் கண் ஏமாறும்.

எனவே திரையில் 'பூட்டி அனுப்பு', 'பூட்டிய மடல்', 'தலைப்பையும் பூட்டு'. இந்தக் கடைசிக் கட்டளை முக்கியம்: அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உள்ளடக்கம் மட்டும் பூட்டப்பட்டு, தலைப்பு வெளியே பல்லிளித்துக்கொண்டு போகும். உதவிப் பக்கத்தில் 'மறையாக்கம்' என்ற சொல்லை ஒருமுறை அறிமுகப்படுத்தினால் போதும். ஒரு கருத்துக்கு ஒரே சொல் என்ற விதியை மீறுகிறேன் என்று திட்டுவீர்கள். பரவாயில்லை.

சாவிக்கு வருவோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு உண்டு: நமக்குப் பூட்டி எழுத மற்றவர்களுக்குக் கொடுக்கும் பொதுச்சாவி, நாம் திறக்கவும் ஒப்பமிடவும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் தனிச்சாவி. பொதுச்சாவியைப் 'பூட்டு' என்றும் மற்றதைச் 'சாவி' என்றும் வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் பூட்டை ஊருக்கெல்லாம் கொடுப்பேன், சாவி என்னிடம். அழகு. ஆனால் என் ஒப்பத்தைச் சரிபார்ப்பதும் அதே பொதுச்சாவிதான். பூட்டை வைத்து ஒப்பத்தைச் சரிபார்க்க முடியுமா? உவமை அங்கே இடறுகிறது. 'பொதுச்சாவி' இருக்கட்டும்.

நான் சண்டை போடப்போவது 'தனிச்சாவி' மேல்தான். நண்பர் ஒருவரிடம், உங்கள் சாவியை அனுப்புங்கள், பூட்டி எழுதுகிறேன் என்றேன். அவருக்குப் பொது, தனி என்று இரண்டு கோப்புகள் தெரிந்திருக்கின்றன. "உங்களுக்கு மட்டும்தானே அனுப்புறேன், அதான் தனிச்சாவியை அனுப்பினேன்" என்றார். பொதுவில் போட்டால் பொது, தனியாக அனுப்பினால் தனி. தமிழாக யோசித்தால் அவர் செய்ததில் குறையே இல்லை! அந்தச் சாவியைச் செல்லாததாக்கி, புதிதாக ஒன்று உருவாக்க ஒரு மாலை போயிற்று. 'இரகசியச் சாவி' என்று இருந்திருந்தால் கை தயங்கியிருக்கும். குனூபிஜியிலும் ஆங்கிலத்தில் 'சீக்ரெட்' என்றுதான் இருக்கிறது.

சாவி போர்த்துகீசிய மூலம், திறவுகோல் என்றே எழுதலாம் என்பவர்களுக்கு: பொத்தானில் 'பொதுத் திறவுகோலை இணை' என்பது வெட்டுப்பட்டு 'பொதுத் திறவு…' என்று நிற்கும் படத்தை இணைத்திருக்கிறேன். எனக்கு உண்மையான கவலை வேறு. யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சாவியைத் திறப்பு என்பார்கள். இங்கே திறப்பு என்றால் விழா, ரிப்பன், கத்தரிக்கோல். 'சாவி' அங்கே படிக்கும்போது உறுத்துமா, புரிந்துவிடுமா? இலங்கை நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். 'இரகசியச் சாவி'யைச் சோதனைப் பதிப்பில் ஏற்றிவிட்டேன், மாற்ற வேண்டுமென்றால் முதல் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் மாற்றுவோம்.

சாவியின் நாற்பது இலக்க 'ஃபிங்கர்பிரின்ட்' பாக்கி. கைரேகை என்று வைத்ததற்குப் பெரியப்பா திரையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். 'சாவி அடையாள எண்' என்று மாற்றியிருக்கிறேன்.