மல்டிகாஸ்ட் சேனல் எல்லாம் உடைகிறது, நாளை ஆடி வெள்ளி, யாராவது சொல்லுங்கள்

தண்டை_கேபிள் | வியாழன் காலை 9:12
வணக்கம். நாங்கள் லோக்கல் கேபிள் டிவி, எங்கள் கண்ட்ரோல் ரூம் தண்டையார்பேட்டையில். சேனல்களை மல்டிகாஸ்ட்டில், அதாவது ஒரே ஓட்டத்தைக் கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து, நெட்வொர்க்கில் அனுப்புகிறோம். இங்கே டிவியில் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. திருவொற்றியூர் பக்கம் எல்லாச் சேனலும் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது. சனிக்கிழமையிலிருந்து இப்படித்தான். ஸ்விட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டாயிற்று. நாளை வடிவுடையம்மன் கோயில் நேரலை லோக்கல் சேனலில் போகிறது. படம் உடைந்தால் வாடிக்கையாளர் வீடு தேடி வந்து திட்டுவார்கள். என்ன செய்யலாம்?

காசிமேடு_கரை | 9:20
எத்தனை சேனல்? எந்த ஸ்விட்ச்? திருவொற்றியூருக்கு எப்படிப் போகிறது, ஃபைபரா வயர்லெஸ்ஸா? ஒன்றுமே சொல்லாமல் என்ன செய்யலாம் என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது, நைனா?

ஸ்ப்ளைஸ்_பாய் | 9:26
ஃபைபர்தான். சந்தேகமே வேண்டாம். ரோடு தோண்டாத வாரம் உண்டா இங்கே? ஜாயிண்ட் பாக்ஸைத் திறந்து பாருங்கள், தண்ணீர் நிற்கும். பிங், அதாவது சோதனைப் பாக்கெட், போட்டால் இடையில் விடுகிறதா?

தண்டை_கேபிள் | 9:41
ஃபைபர்தான் அண்ணே. பிங் நூற்றுக்கு ஏழெட்டு விடுகிறது. ஆனால் பவர் மீட்டரில் ஃபைபர் வெளிச்சம் மைனஸ் 14 டி.பி.எம். காட்டுகிறது, அது எப்போதும் இருப்பதுதான். ஸ்விட்ச் 24 போர்ட், எல்லாம் கிகாபிட், ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் சேனலை அனுப்பும் வசதி) ஆன் செய்திருக்கிறது. மொத்தம் 34 சேனல்.

ஸ்ப்ளைஸ்_பாய் | 9:44
பிங் விடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஃபைபர்.

காசிமேடு_கரை | 9:52
மைனஸ் 14 வந்தால் ஃபைபரில் குறை இல்லை பாய். என்னைக் கேட்டால் உப்புக்காற்று. கடலோரம் வைத்த ஆர்.ஜே. 45 ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். கனெக்டரைக் கழற்றி முகர்ந்து பாருங்கள், கருவாட்டு வாசனை வந்தால் மாற்றிவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, போன வருடம் எனக்கு இதுதான் நடந்தது.

எண்ணூர்_எட்டு | 10:03
காசிமேட்டுக் காற்றெல்லாம் ஒரு காற்றா? எண்ணூருக்கு வாருங்கள். உப்பும் சாம்பலும் சேர்ந்து வரும். எங்கள் மொட்டைமாடி டிஷ்ஷில் எல்.என்.பி. மூடியை வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறேன்.

காசிமேடு_கரை | 10:07
சாம்பல் கம்பியை அரிக்காது, உப்புதான் அரிக்கும். துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகு ஆணியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எண்ணூர்_எட்டு | 10:11
ஈரத்தோடு சேர்ந்தால் சாம்பலும் அரிக்கும். என் ஏணி சாட்சி. வேண்டுமென்றால் போட்டோ போடுகிறேன்.

பாக்கெட்_வாத்தியார் | 10:30
ஏணியை அப்புறம் பார்க்கலாம். அடிப்படை தெரியாமல் ஹெட்எண்ட் (சேனல் கிளம்பும் இடம்) நடத்தினால் இப்படித்தான் ஆகும். சேனல்களுக்கு என்ன ஐ.பி. முகவரி கொடுத்திருக்கிறீர்கள் என்றுகூட இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் இதே கதை.

தண்டை_கேபிள் | 10:48
சார், 239.0.0.11-லிருந்து 239.0.0.44 வரை. முன்னாடி இருந்த இன்ஜினியர் வைத்தது. கடைசி எண்ணைப் பார்த்தால் எந்தச் சேனல் என்று தெரியும், அதனால் அப்படியே விட்டுவிட்டோம். சனிக்கிழமை புதிதாக 12 சேனல் சேர்த்தோம், அதையும் அதே வரிசையில் போட்டோம்.

பாக்கெட்_வாத்தியார் | 10:55
முகவரி சரிதான். 239-இல் தொடங்கும் வரிசை முழுதும் நிறுவனத்தின் உள் உபயோகத்துக்கு என்று 1998-இல் ஆர்.எஃப்.சி. 2365 என்ற இணைய விதி ஆவணம் ஒதுக்கியது. யூனிகாஸ்ட்டில் (ஒருவருக்கு மட்டும் அனுப்புவதில்) 192.168 போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே குறை ஸ்விட்சில். மலிவான ஸ்விட்சில் ஸ்னூப்பிங் என்று எழுதியிருக்கும், வேலை செய்யாது. மாற்றுங்கள்.

பெரம்பூர்_லோகோ | 11:14
தம்பி, சனிக்கிழமை 12 சேனல் சேர்த்ததை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே! ஒரு சேனல் எத்தனை எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்)? திருவொற்றியூர் முனையில் ஃபைபர் எதில் போய் இறங்குகிறது? அங்கே எத்தனை சேனல் எடுக்கிறீர்கள்?

தண்டை_கேபிள் | 11:31
சேனலுக்கு 4 எம்.பி. அக்கா. இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை ஈதர்நெட்டாக மாற்றும் பெட்டி), சாதாரண 10/100, அதாவது அதிகபட்சம் 100 எம்.பி. அங்கே மாடுலேட்டர் (கேபிள் டிவி சிக்னலாக மாற்றும் பெட்டி) 16 சேனல்தான் எடுக்கிறது.

பெரம்பூர்_லோகோ | 11:58
கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். கணக்கைப் பாருங்கள். 16 சேனல் மட்டும் போனால் 64 எம்.பி., 100-க்குள் அடங்கும். 34-ம் போனால் 136. குழாய் நிரம்பி வழிகிறது, அதில்தான் படமும் உடைகிறது, பிங்கும் விடுகிறது. போன வாரம் வரை 22 சேனல், 88 எம்.பி., அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது. கண்ட்ரோல் ரூமில் எல்லாம் கிகாபிட், அங்கே ஒன்றும் தெரியாது.

ஸ்னூப்பிங் ஆன் என்கிறீர்கள், பின்னே ஏன் 34-ம் போகிறது? முகவரிதான் காரணம். மல்டிகாஸ்ட் ஐ.பி.யை ஈதர்நெட் மேக் முகவரியாக (ஸ்விட்ச் பார்க்கிற முகவரி) மாற்றும்போது கடைசி 23 பிட்டைத்தான் எடுப்பார்கள். மற்றது உதிர்ந்துவிடும். அதனால் 32 ஐ.பி.க்கு ஒரே மேக். உங்கள் 239.0.0.21-க்கும் 224.0.0.21-க்கும் மேக்கின் கடைசி மூன்று ஜோடி 00-00-15, இரண்டும் ஒன்றே. 224.0.0 வரிசை ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருப்பது, ஸ்விட்ச் அதை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பியே ஆக வேண்டும். ஆர்.எஃப்.சி. 4541-ஐப் பாருங்கள். மேக்கை மட்டும் பார்க்கிற ஸ்விட்சுக்கு உங்கள் சேனலும் ரவுட்டர் பேச்சும் ஒன்றாகத்தான் தெரியும், அள்ளி வீசிவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு லேப்டாப்பைக் காலியான போர்ட்டில் செருகுங்கள். வி.எல்.சி. பிளேயர் திறக்க வேண்டாம். போர்ட்டில் என்ன வருகிறது என்று காட்டும் வயர்ஷார்க் மட்டும் போடுங்கள். எந்தச் சேனலும் கேட்காமலே 34-ம் கொட்டினால் நான் சொன்னது சரி.

பாக்கெட்_வாத்தியார் | 12:06
ஐ.பி.யைப் பார்த்து ஸ்னூப் செய்யும் ஸ்விட்சும் உண்டு. அப்படியே இருந்தாலும், 239.128.0.11-இலிருந்து ஆரம்பித்தால் போதும், கடைசி எண்ணும் மாறாது.

பெரம்பூர்_லோகோ | 12:13
சார், 128 என்பது சரியாக உதிர்ந்துபோகிற அந்த பிட். 239.128.0.21-க்கும் அதே 00-00-15தான் வரும். வீடு மாற்றி அதே தெருவுக்கு வருவது போல.

239.20.1.11-இலிருந்து 44 வரை வையுங்கள். கடைசி எண் அப்படியே இருக்கும், 21-க்கு மேக் 14-01-15 ஆகும், ரவுட்டர் வரிசையோடு மோதாது. 239.255 பக்கம் மட்டும் போகாதீர்கள், டிவி, பிரிண்டர், ஆடியோ கருவி என்று எல்லாம் அங்கேதான் கூடாரம் போட்டிருக்கும். எங்கள் ஸ்டுடியோவில் எஸ்.டி. 2110 (வீடியோவை ஐ.பி.யில் அனுப்பும் தரம்), அமுக்காத எச்.டி. ஒன்றே 1 கிகாபிட்டைத் தாண்டும். அங்கே இந்தத் தப்பு நடந்தால் ஒரே நிமிடத்தில் மொத்த மாடியும் இருட்டாகிவிடும், அதனால் முகவரி அட்டவணையைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஸ்ப்ளைஸ்_பாய் | 12:20
எதற்கும் ஜாயிண்ட் பாக்ஸையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

தண்டை_கேபிள் | மாலை 4:37
லேப்டாப் செருகினேன், அக்கா சொன்ன மாதிரியே 34-ம் கொட்டியது. என்கோடர் (சேனலை நெட்வொர்க்கில் ஏற்றும் பெட்டி) எல்லாவற்றிலும் முகவரி மாற்றினேன், மாடுலேட்டரிலும் மாற்றினேன். திருவொற்றியூரில் படம் சூப்பராக வந்தது, ஃபோன் போட்டுச் சொன்னார்கள். நாலு நிமிடம் கழித்து 16 சேனலும் ஒரே நேரத்தில் உறைந்துவிட்டன. மாடுலேட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி நாலு நிமிடம் ஓடுகிறது. பழையதே தேவலை போல. இப்போது என்ன?

காசிமேடு_கரை | 4:45
நாலு நிமிடமா, நாலே கால் நிமிடமா?

தண்டை_கேபிள் | 4:58
போனில் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தேன். 4 நிமிடம் 20 நொடி. இரண்டு தடவையும்.

பெரம்பூர்_லோகோ | 5:09
260 நொடி. அப்படியென்றால் கியூரியர் இல்லை. யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று 125 நொடிக்கு ஒரு தடவை கேட்க ஒரு கருவி வேண்டும், அதுதான் கியூரியர். அது கேட்டால்தான் மாடுலேட்டர் ‘எனக்கு வேண்டும்’ என்று மறுபடி சொல்லும். இரண்டு சுற்று கேள்வியும் பதிலுக்கு 10 நொடியும் போனால் ஸ்விட்ச் அந்தப் பெயரை அடித்துவிடும். இத்தனை நாள் எல்லாச் சேனலும் தானாகக் கொட்டியதால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. உங்கள் ஸ்விட்சிலேயே ஐ.ஜி.எம்.பி. கியூரியர் என்று ஒரு பெட்டி இருக்கும், டிக் போடுங்கள். அந்த வி.லேனுக்கு (ஸ்விட்சுக்குள் பிரித்த நெட்வொர்க்) ஒரு ஐ.பி. கொடுங்கள், இல்லையென்றால் கேள்வி 0.0.0.0-இலிருந்து போகும், சில பெட்டிகள் மதிக்காது. ஒரு இடத்தில் மட்டும் போட்டால் போதும்.

பாக்கெட்_வாத்தியார் | 5:15
கியூரியர் இல்லாமல் ஸ்னூப்பிங் போடக் கூடாது என்பது அடிப்படை. இதைத்தான் காலையிலேயே சொன்னேன்.

எண்ணூர்_எட்டு | 5:18
காலையில் ஸ்விட்சை மாற்றச் சொன்னீர்கள் சார்.

எண்ணூர்_எட்டு | 5:26
இந்தாருங்கள் ஏணி. இடது காலைப் பாருங்கள், காசிமேடு.

தண்டை_கேபிள் | வெள்ளி இரவு 11:40
ஓடுகிறது. நேரலை முழுக்கப் போயிற்று. நன்றி அக்கா.

காசிமேடு_கரை | 11:52
கனெக்டரை முகர்ந்து பார்த்தீர்களா?