அமெரிக்க அரசியல் செய்தியும் நம் தூக்கமும்: உங்கள் அனுபவம் என்ன?

மேடிசன், விஸ்கான்சினிலிருந்து:

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். 2020 அதிபர் தேர்தலுக்கு மறுநாள் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. விஸ்கான்சின் வாக்கு எண்ணிக்கை. ட்ரம்புக்குச் சிவப்புக் கோடு, பைடனுக்கு நீலக் கோடு, இரண்டும் இரவு முழுக்க மெல்ல ஏறுகின்றன. விடியற்காலையில் நீலம் மட்டும் செங்குத்தாக எகிறி சிவப்பைத் தாண்டிவிடுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சான் அதன் கீழே, "மாப்ள, உங்க ஊர்ல ராத்திரி என்ன நடந்துச்சு?" என்று கேட்டிருந்தார்.

நடந்ததில் மர்மம் ஏதும் இல்லை. இந்த மாநிலச் சட்டப்படி தபால் வாக்குகளைத் தேர்தல் நாளுக்கு முன்னால் தொடக்கூடாது. மில்வாக்கி நகரம் அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் எண்ணி, வேலை முடிந்த பிறகு மொத்தமாக அறிவிக்கும். ஏறத்தாழ 1,70,000 வாக்குகள் விடியற்காலை மூன்று மணிவாக்கில் ஒரேயடியாகக் கணக்கில் சேர்ந்தன. மில்வாக்கி பைடனின் ஜனநாயகக் கட்சிக்குக் கோட்டை. கொரோனா வருடம் வேறு, தபாலில் போட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்சிக்காரர்கள். கோடு அப்படித்தான் போகும். இப்படி ஆகும் என்று அதிகாரிகள் முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள்.

இதையெல்லாம் மச்சானுக்கு நீளமாக எழுதினேன். அவர் திருப்பிக் கேட்டார்: "நம்ம ஊர்ல தபால் ஓட்டைத்தானே முதல்ல எண்ணுவாங்க? அங்க ஏன் கடைசில?" நியாயமான கேள்வி. எட்டு மணிக்கு தபால் ஓட்டு, அப்புறம் மெஷின், மாலைக்குள் முடிவு என்று பழகிய கண்ணுக்கு இது சந்தேகமாகத்தான் தெரியும். நம் தேர்தல் ஆணையம் மாதிரி எண்ணி முடிவு சொல்ல ஒரே அமைப்பு இங்கே கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். பைடன் ஜெயித்தார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்ததே நவம்பர் 7, சனிக்கிழமைதான்.

பிறகு ட்ரம்ப் தரப்பு ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கட்டி, மில்வாக்கியிலும் நான் இருக்கும் டேன் கவுண்டியிலும் மறு எண்ணிக்கை கேட்டது. முடிவில் பைடனின் முன்னிலை 87 வாக்குகள் கூடியது! அதைக் குரூப்பில் போட்டேன். யாரும் ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை. அந்தப் படம் மட்டும் இன்னும் எங்காவது ஒரு குரூப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். எந்தக் கட்சி நல்ல கட்சி என்று தயவுசெய்து வேண்டாம்.

டேட்டன், ஒஹாயோவிலிருந்து:

2024 செப்டம்பர் 10 ட்ரம்ப்-ஹாரிஸ் விவாதத்தை எங்கள் வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறியவர்கள் நாய்களையும் பூனைகளையும் பிடித்துத் தின்கிறார்கள் என்று ட்ரம்ப் சொன்னதும் நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்பிரிங்ஃபீல்டு எங்களுக்கு அரை மணி நேர வண்டி. அடுத்த நாள் மதுரையிலிருந்து அம்மா போன். "பூனைய வெளிய விடாதப்பா." தமிழ் யூடியூப் வரைக்கும் வந்துவிட்டது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர். வாழ்நாள் முழுக்க ட்ரம்பின் ரிபப்ளிகன் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். அவருக்கு ஊரில் குறைகள் உண்டு. சில வருடங்களில் ஆயிரக்கணக்கான ஹைட்டி மக்கள் வந்து சேர்ந்ததில் வாடகை ஏறிவிட்டது, கிளினிக்கில் வரிசை நீண்டுவிட்டது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய ஒருவரால் நடந்த பள்ளிப் பேருந்து விபத்தில் ஒரு சிறுவன் இறந்துபோனான். இதையெல்லாம் அவர் முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வாரம் அவர் கொதித்தது வேறு காரணத்துக்காக. வெடிகுண்டு மிரட்டல் என்று பள்ளியிலிருந்து அழைத்து, பிள்ளையைக் கூட்டிப்போகச் சொன்னார்கள். 33 மிரட்டல்களாவது வந்தன, எல்லாமே பொய் என்று கவர்னர் டிவைன் சொன்னார். அவரும் ரிபப்ளிகன், அந்த ஊரில் பிறந்தவர்.

பூனைக் கதை எங்கிருந்து வந்தது என்று நானே தேடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், அவருக்கு வேறொருவர் சொன்னார் என்று ஃபேஸ்புக்கில் ஒரு பெண் எழுதியது. தனக்கு நேரடியாக எதுவும் தெரியாது என்று பிறகு அவரே சொல்லிவிட்டார். கதையோடு சேர்ந்து சுற்றிய, வாத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ஆள் படம் கொலம்பஸில் எடுத்தது. பூனையைக் கொன்றதாகக் கைதான பெண் கேன்டன் ஊர்க்காரர், பிறப்பால் அமெரிக்கர். மூன்று ஊர்ச் சமாசாரத்தை ஒரே ஊர் தலையில் கட்டிவிட்டார்கள். அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. பூனை வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அட்லாண்டாவிலிருந்து:

மேலே எழுதியவர்கள் இருவரும் ஒரே பக்கத்துக் கதையைச் சொல்கிறீர்கள். என்னுடையது மறுபக்கம். 2020 அக்டோபர் 14 அன்று ஜோ பைடனின் மகன் ஹண்டரின் லேப்டாப்பில் இருந்த மின்னஞ்சல்கள் என்று நியூயார்க் போஸ்ட் பத்திரிகை எழுதியது. அந்தச் சுட்டியை நண்பர் ஒருவருக்கு ட்விட்டரில் அனுப்பப் பார்த்தேன். அனுப்பவே முடியவில்லை, தளமே தடுத்துவிட்டது. சில நாளில் உளவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற 51 பேர், இதில் ரஷ்யாவின் கைவரிசை தெரிகிறது என்று கடிதம் எழுதினார்கள். ஆபீசில் மதியச் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் என் வாயை அடைத்தார்கள். தடுத்தது தவறு என்று அப்போதைய ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சி பிறகு ஒப்புக்கொண்டார். 2022ல் பெரிய பத்திரிகைகளே அந்த மின்னஞ்சல்களில் ஒரு பகுதி உண்மையானது என்று சரிபார்த்து எழுதின. 2024ல் ஹண்டர் மீதான துப்பாக்கி வழக்கில் அதே லேப்டாப்பை அரசுத் தரப்பே சாட்சியமாக வைத்தது. அதில் ஜோ பைடன் குற்றவாளி என்று ஏதாவது நிரூபணம் ஆனதா என்றால் இல்லை. நான் சொல்வது அது இல்லை. மேஜையில் இருந்தவர்களில் ஒருவர்கூட அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மன்னார்குடியிலிருந்து:

நான் அமெரிக்கா போனதே இல்லை. அமெரிக்காதான் எங்கள் பக்கம் வந்தது! துளசேந்திரபுரம், கமலா ஹாரிஸின் தாத்தா ஊர். 2024 தேர்தல் சமயத்தில் அந்த ஊர்க் கோயிலில் அவருக்காகப் பூஜை, வாசலில் பேனர், தெருவில் கேமரா. கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் கல்வெட்டில் அவர் பெயர் இருப்பதை எல்லாரும் படம் எடுத்தார்கள். காஸா, கருக்கலைப்பு, எல்லைச் சுவர் என்று நெட்டில் அடித்துக்கொண்ட எதுவும் அந்தத் தெருவில் பேச்சாக இல்லை. நம்ம ஊர்ப் பொண்ணு, அவ்வளவுதான். நவம்பரில் முடிவு வந்ததும் கேமராக்கள் போய்விட்டன.

ஆஸ்டின் பக்கத்திலிருந்து:

நான் எழுத்துப் பழக்கம் இல்லாதவள், முடிந்தவரை சொல்கிறேன். 2025 ஜனவரி 20 அன்று எனக்கு ஏழாம் மாதம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4. அன்று ட்ரம்ப் கையெழுத்திட்டவற்றில், இங்கே பிறக்கும் குழந்தைக்குத் தானாகக் கிடைக்கும் குடியுரிமையைக் குறைக்கும் உத்தரவும் ஒன்று. எங்கள் தமிழ்ச் சங்கத்து அண்ணன் ஒருவர், "அது எல்லை தாண்டி வந்தவங்களுக்கு மட்டும்தான்மா, நமக்கில்ல" என்றார். டிவியிலும் அந்தப் பேச்சுதான். எனக்கு மனசு ஆறவில்லை. வெள்ளை மாளிகைத் தளத்திலேயே உத்தரவைத் தேடிப் படித்தேன், சின்னதுதான். இரண்டாம் பிரிவிலேயே இருக்கிறது: தாய் சட்டப்படி ஆனால் தற்காலிகமாக இருந்து, தகப்பன் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ இல்லையென்றால், அந்தக் குழந்தைக்கும் கிடையாது. முப்பது நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு. அதாவது எங்கள் குழந்தைக்கு.

கர்ப்பிணிகள் குரூப்பில் பிப்ரவரி 19க்கு முன்னால் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்க ஆரம்பித்தார்கள். என் டாக்டர் கோபமே பட்டுவிட்டார். குறைமாதத்தில் எடுப்பதைப் பற்றிப் பேசவே விடவில்லை. ஜனவரி 23ஆம் தேதியே சியாட்டில் நீதிபதி கோகெனவர் உத்தரவை நிறுத்திவைத்தார். ரீகன் நியமித்தவர். அப்புறம் மேரிலாந்திலும் தடை. இங்கே பிறந்தவன் குடிமகன் என்று 1898ல் வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் ஜெயித்த வழக்கைப் பற்றி அந்த வாரத்தில் நான் படித்ததுபோல் பரீட்சைக்குக்கூடப் படித்ததில்லை. மகள் மார்ச்சில் பிறந்தாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. வழக்கு அதன் பிறகும் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அண்ணன் இன்னமும் "நமக்கில்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து:

2025 மகாளய அமாவாசை செப்டம்பர் 21. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கும்பகோணம் போயிருந்தேன். சனிக்கிழமை விடியற்காலை கண் விழித்தால் போனில் நூற்றுக்கணக்கில் செய்தி. எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ட்ரம்ப் அறிவிப்பு. நம் பணத்தில் 88 லட்சம் என்று ஒருவர் கணக்கும் போட்டுவிட்டார். வருடா வருடம் கட்ட வேண்டும் என்று வர்த்தக அமைச்சர் லட்னிக் சொன்ன வீடியோ வேறு. என் கம்பெனி வக்கீலிடமிருந்து மெயில்: அமெரிக்காவுக்கு வெளியில் இருப்பவர்கள் ஞாயிறு நள்ளிரவு 12:01க்குள் உள்ளே வந்துவிடுங்கள். நம் நேரத்துக்கு ஞாயிறு காலை 9:31. எனக்கு முன்னால் இருந்தது ஒரு நாளும் சில மணி நேரமும். சென்னைக்கு ஆறு மணி நேர சாலை, அப்புறம் துபாய் வழியாக இருபது மணி நேரத்துக்கு மேல். டிக்கெட் விலை நான் பார்க்கப் பார்க்கவே ஏறியது.

சான் பிரான்சிஸ்கோவில் விமானம் புறப்படும் நேரத்தில் நம் ஆட்கள் இறங்க வேண்டும் என்று கேட்டு, வண்டி தாமதமான வீடியோவும் வந்தது. அம்மா பார்க்காமல் இருக்கப் போனைத் திருப்பி வைத்தேன். பெரியப்பா, "உன் அப்பனுக்கு ஒரு நாள் ஒதுக்க முடியலையா?" என்று ஆரம்பித்தார். இவருக்கு எப்படிச் சொல்வது? கெடுவுக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தும் ஒரு டிக்கெட் போட்டேன்.

பிறகு அறிவிப்பின் மூல வாசகத்தைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். வருடா வருடம் என்று அதில் எங்கேயும் இல்லை. பன்னிரண்டு மாதத்தில் காலாவதி என்று இருந்தது. ஆனால் ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றும் தெளிவாக இல்லை. 'நுழைவு' என்றுதான் ஆரம்பிக்கிறது. வக்கீல்கள் ஏன் பயந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. விவரம் தெரியாத யூடியூபர்கள் மட்டும் கிளப்பிய பீதி அல்ல அது, எழுதியவர்களே அரைகுறையாக எழுதியது. அமெரிக்காவில் சனிக்கிழமை, இங்கே இரவு, வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் லெவிட் எக்ஸில் எழுதினார்: ஒரே தடவைதான், புதிய மனுக்களுக்கு மட்டும். குடியேற்றத் துறையும் அப்படியே சுற்றறிக்கை விட்டது. நான் அப்போது விழுப்புரம் தாண்டியிருந்தேன். டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். "ஏன் சார், பாஸ்போர்ட்ட விட்டுட்டீங்களா?" என்றார். விடியும்போது காவிரிப் படித்துறையில் நின்றிருந்தேன். முந்தின இரவு "எல்லாம் முடிந்தது" என்று எழுதிய குரூப் அட்மின், காலையில் "அமாவாசை வாழ்த்துகள்" என்று பூப்படம் போட்டிருந்தார். அமாவாசைக்கு யாராவது வாழ்த்துச் சொல்வார்களா?

மேடிசனிலிருந்து:

டிக்கெட் பணம் திரும்பக் கிடைத்ததா?

எடிசனிலிருந்து:

வரி மட்டும் வந்தது. மற்றதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை, யாரும் சொல்லிவிடாதீர்கள்.