குறைமாதக் குழந்தையின் கொழுப்பை அளக்க வேண்டுமாம், சம்மதிக்கலாமா?

ஓசூர் அம்மா:
என் மகள் 30வது வாரத்தில் பிறந்தாள், 1,240 கிராம். 47 நாள் என்ஐசியு (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு), அதில் முதல் 9 நாள் சிபேப், அதாவது மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி. கணக்குப்படி போன வாரம்தான் அவள் பிறந்திருக்க வேண்டிய தேதி. இப்போது எடை 2,750. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைத் தொட்டு "குறைமாசம்னு சொல்லவே முடியாது" என்கிறார்கள். மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் சுற்றிப் போடுகிறார்.

மறுபரிசோதனைக்குப் பெங்களூரு போனபோது டாக்டர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. எடை பரவாயில்லை, நீளம் 45 செ.மீ.தான், அது பின்தங்கியிருக்கிறது, ஏறிய எடையில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்றார். அங்கே ஓர் ஆய்வுக்காக பீ பாட் என்று, குழந்தையின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். குழந்தையைத் துணியில்லாமல் உள்ளே படுக்க வைத்து மூடிவிடுவார்களாம். காசு வேண்டாம், கையெழுத்து போதும். "இன்குபேட்டர் பெட்டியிலிருந்து மீண்டு வந்த பிள்ளையை மறுபடியும் பெட்டிக்குள் போடுவதா?" என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான், அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. மூச்சு முட்டாதா? கதிர்வீச்சு உண்டா? தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறார்கள்?

பழைய சிஸ்டர்:
என்ஐசியுவில் 19 வருடம் இருந்தவள் நான், அந்த மெஷினில் நிறைய பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள் அம்மா. கதிர்வீச்சு இல்லை. அது எக்ஸ்ரே வைத்து உடம்பின் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில்தான், அதிலும் மிகக் கொஞ்சம். பீ பாட்டில் காற்றழுத்தம் லேசாக மாறும், அதை வைத்து உடம்பின் கன அளவைக் கண்டுபிடிப்பார்கள். உள்ளே கதகதப்பாக இருக்கும், காற்று வந்து போய்க்கொண்டே இருக்கும், ஜன்னல் வழியே முகம் தெரியும். இரண்டு நிமிடம்தான். அழுதாலும் காலை உதைத்தாலும் அளவு வந்துவிடும். ஆக்சிஜனோ ஒயரோ தேவைப்படும் பிள்ளையை உள்ளே வைக்கவே மாட்டோம்.

தலையில் கொஞ்சம் எண்ணெய் தடவி முடியைப் படிய வைப்பார்கள், முடிக்குள் நிற்கும் காற்று கணக்கைக் கெடுக்கும் என்பதால். எடை போட்ட பிறகு பிள்ளை மூத்திரம் போனால் பதறிப்போய்த் துடைக்காதீர்கள்! அதையும் சேர்த்துத்தான் எடை போட்டிருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். அந்த 45 செ.மீ. எப்படி எடுத்தார்கள்? படுக்கையில் போட்டு டேப்பை நீட்டிப் பிடித்தார்களா? அப்படி எடுத்த அளவை நான் நம்ப மாட்டேன். இன்ஃபன்டோமீட்டர் என்ற, குழந்தையைப் படுக்க வைத்து நீளம் அளக்கும் பலகையில், ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முட்டியை மெல்ல அழுத்திக் காலை நீட்டி, பாதப் பலகையை நகர்த்த வேண்டும். இரண்டு பேர் வேண்டும் என்பதால்தான் வேலை நெருக்கும் வார்டில் யாரும் செய்வதில்லை. மெஷின் எல்லா ஊரிலும் கிடைக்காது, அந்தப் பலகை எங்கும் கிடைக்கும். தசை, எலும்பு, உறுப்பு எல்லாம் வளர்ந்தால்தான் நீளம் கூடும், வெறும் கொழுப்பு நீளத்தைக் கூட்டாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எடை ஏறாத பிள்ளைக்குத் தாய்ப்பாலில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் கலந்து கொடுப்போம். மறுநாளே தராசு நகரும், எங்களுக்கும் பெருமையாக இருக்கும். அதில் கலோரி உண்டு, ஒரு துளிகூடப் புரதம் இல்லை. நீளத்தை அப்போது நாங்கள் எழுதிவைக்கவே இல்லை.

பட்டினிக்கணக்கு:
ஊட்டச்சத்து படிக்கிறேன், சிஸ்டர் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம். கொழுப்பின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.9007 கிராம், பிறந்த குழந்தையின் மற்ற உடம்புக்குச் சுமார் 1.063. எடையும் கன அளவும் தெரிந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். உங்கள் மகளின் எடைக்குக் கன அளவு 2,671 மி.லி. என்று வந்தால் கொழுப்பு 18%. பத்து மி.லி. குறைவாகக் காட்டிவிட்டால் போதும், அது 16% ஆகிவிடும். வெறும் இரண்டு டீஸ்பூன் அளவு! முடிக்குள் நிற்கும் காற்று இப்படித்தான் கன அளவைக் குறைத்துக் காட்டும். எண்ணெய் தடவுவது ஏன் என்று இப்போது புரியும். அந்த 1.063 கூட சராசரிதான், குறைமாதப் பிள்ளையின் உடம்பில் நீர் கூடுதலாக இருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். அதனால் ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஏன் அளக்கிறார்கள் என்று கேட்டீர்கள். பல ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளியான அலசல் ஒன்று இருக்கிறது. குறைமாதப் பிள்ளைகள் நிறைமாத வயதை எட்டும்போது, நிறைமாதத்தில் பிறந்தவர்களைவிடச் சராசரியாகக் கொழுப்பு 50 கிராம்தான் குறைவு, கொழுப்பல்லாத உடம்போ 460 கிராம் குறைவு. அதாவது கன்னம் வந்துவிடுகிறது, சதை வரவில்லை. வயிற்றில் இருந்திருந்தால் கடைசி வாரங்களில் வந்திருக்க வேண்டியது அது. இதைத் தெரிந்துகொண்டால் பாலின் அளவைக் கூட்டுவதா, அதில் புரதத்தைக் கூட்டுவதா என்று டாக்டர் யோசிப்பார். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

ஓசூர் அம்மா:
போய்விட்டு வந்தோம். சிஸ்டர் சொன்னதுதான், முதல் தடவை டேப்பில்தான் அளந்திருக்கிறார்கள். நானே கேட்டுப் பலகையில் எடுக்கச் சொன்னேன், தலையை நான் பிடித்தேன். 46.3. அப்படியும் குறைவுதான், ஆனால் ராத்திரி தூக்கம் வந்தது.

மெஷினுக்குள் அவள் அழவே இல்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழுதது நான். கொழுப்பு 20.6%. "பாஸா, ஃபெயிலா?" என்று மாமியார் கேட்க, டாக்டர் சிரித்துவிட்டார். தாய்ப்பாலில் கலக்கும் சத்துப்பொடியான ஃபார்ட்டிஃபையர் பாக்கெட்டை நிறுத்தாமல் தொடரச் சொல்லி, ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க வரச் சொல்லியிருக்கிறார்.

சிஸ்டர், ஒன்று கேட்க வேண்டும். வீட்டிலேயே அந்தப் பலகை மாதிரி ஒன்று செய்துகொள்ளலாமா? என் கணவருக்கு மர வேலை தெரியும்.

பழைய சிஸ்டர்:
செய்யலாம், தலைப்பக்கப் பலகை ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாரம் ஒரு தடவைக்கு மேல் அளக்காதீர்கள். தினமும் அளந்தால் பிள்ளையின் வளர்த்தி தெரியாது, உங்கள் கை நடுக்கம்தான் தெரியும்.