பொருள்: பயிர் தானே ஆக்கும் நச்சு – ‘பிறவிநச்சு’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

பயிர் தானே ஆக்கும் நச்சுக்கு நாம் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில், ‘இயற்கை நச்சு’ என்பதே போதும் என்று வந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நிலக்கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சும் இயற்கையானதுதான். ஆனால் அதை ஆக்குவது நிலக்கடலைச் செடி அன்று. ‘தாவர நச்சு’ என்றால் தாவரத்தைக் கொல்லும் நச்சு என்றும் படிக்கலாம். ‘அகநச்சு’ (endotoxin) என்ற சொல் பாக்டீரியா இயலில் ஏற்கெனவே புழங்குகிறது. பயிர் தன் மரபணுக்களைக் கொண்டு தானே ஆக்கிக்கொள்ளும் நச்சுக்குப் ‘பிறவிநச்சு’ என்று முன்மொழிகிறேன்.

வெளிச்சம் பட்டால் உருளைக்கிழங்கில் சோலனைன் என்ற நச்சு கூடுகிறதே, அது எப்படிப் பிறவியாகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கூடுவது அளவு, ஆக்கும் திறன் மரபிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1967இல் வெளியான லெனாபே ரகம், காட்டு உருளை இனம் ஒன்றோடு கலந்து உருவாக்கப்பட்டது. வறுவலுக்கு அருமையான கிழங்கு. ஆனால் அதன் கிளைக்கோஆல்கலாய்டு (சோலனைன் சேர்ந்த நச்சு வகை) அளவு, பொதுவாக ஏற்கப்படும் வரம்பான 100 கிராமுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டியது. 1970இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இருட்டறையில் வைத்துக் காப்பாற்றக்கூடிய குறை அன்று அது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பாதாம். கசப்புப் பாதாமில் அமிக்டலின் இருக்கிறது. நசுக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். இனிப்பா கசப்பா என்பதை ஒரே மரபணு தீர்மானிக்கிறது, இனிப்புதான் ஓங்குபண்பு, அதாவது அதற்கு ஒரு நகல் இருந்தாலே போதும். வியப்பு என்னவென்றால், பருப்பின் சுவை அந்தப் பருப்பின் மரபணுவைப் பொறுத்தது அன்று, தாய்மரத்தின் மரபணுவைப் பொறுத்தது. இனிப்பு மரத்தில் விளைந்த பருப்பு, தனக்குள் இரண்டு கசப்பு நகல்களைச் சுமந்தாலும் இனிக்கும். அதையே விதைத்தால், வளரும் மரம் கசப்புப் பருப்பைத் தரும்! ஆகவே பிறவிநச்சுக்கான விளக்கக் குறிப்பில் ‘விதையின் அல்லது தாய்ச்செடியின் மரபணுவால்’ என்று சேர்த்தே எழுத வேண்டும். ‘மரபுநச்சு’ என்ற மாற்றும் வந்திருந்தது. அதில் பழைய வழக்கம் என்ற சாயல் ஒட்டிக்கொள்கிறது, வேண்டாம்.

லினமாரின் (மரவள்ளியில் உள்ளது), குக்குர்பிட்டசின் (வெள்ளரி, சுரைக் குடும்பத்தில் உள்ளது) போன்ற நச்சுகளின் தனிப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம்.

‘பிறவிநச்சு நீக்கம்’ என்ற கூட்டுச்சொல்லை மட்டும் எதிர்க்கிறேன். பருத்தி விதையில் கோசிப்பால் என்ற நச்சை மரபணு அடக்கத்தால் (மரபணுவைச் செயல்படவிடாமல் தடுத்து) வெகுவாகக் குறைத்தவர்கள், இலையில் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். பூச்சிகளிடமிருந்து செடியைக் காப்பது அதுதான். எனவே ‘பிறவிநச்சுக் குறைப்பு’ என்றே வைத்துக்கொள்வோம்.